புதுப்பிப்பு: கிளட்ச் நழுவியது தேய்மானத்தால் அன்று

டர்போ பெட்ரோல் காரில் கிளட்ச் நழுவுவதையும் (எஞ்சின் விசை சக்கரங்களுக்கு முழுதாகப் போகாமல்), இரண்டாம் கியர் உரசலோடு விழுவதையும் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

ஐந்தாம் கியரில் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பார்க்கச் சொன்ன யோசனையே பலித்தது: வேகம் ஏறாமல் நிற்க, எஞ்சின் சுற்று மட்டும் 4,000-ஐத் தாண்டியது. கியர்பாக்ஸை இறக்கியபோதுதான் எதிர்பாராதது தெரிந்தது. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டையில் ரிவெட்டுகளுக்கு மேல் போதிய கனம் மிச்சமிருந்தும், கிராங்க் ஷாஃப்டின் (எஞ்சினின் சுழல்தண்டு) பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட்டை நனைத்து வழுக்கவைத்திருந்தது. பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால் செலவு முழுவதும் வீணாகியிருக்கும். சீல், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் நான்கும் புதியவை.

இரண்டாம் கியரில் சிங்க்ரோ வளையம் (கியர் விழுமுன் சுழலும் வேகங்களை ஒத்திசைப்பது) தேய்ந்துவிட்டதென்றே அஞ்சினேன். ஆனால் கியர்பாக்ஸுக்குள் இருந்தது அதற்குப் பொருந்தாத ஜிஎல்-5 தர கியர் ஆயில். கையேடு குறிப்பிடும் ஜிஎல்-4 ஊற்றியபின் உரசல் நின்றுவிட்டது.