அம்மாவின் கைபேசிக்கு வந்த 2,000 ரூபாய் மளிகைக் கூப்பன்: பணம் போய்விட்டது, உடனே என்ன செய்வது?

மலர், விருதுநகர் (மாலை 6.10)

வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மதியம் எங்கள் பெரியம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பெயர்பெற்ற ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஆண்டு விழா, 2,000 ரூபாய்க்கு மளிகைக் கூப்பன் இலவசம் என்று ஒரு இணைப்பு. திறந்தால் ஒன்பது பரிசுப் பெட்டிகள். முதல் பெட்டி காலி, இரண்டாவதில் "நீங்கள் வென்றீர்கள் ஒரு கூப்பன்" என்று வந்திருக்கிறது. இருபது பேருக்கு அனுப்பினால்தான் கூப்பன் கிடைக்குமாம். அனுப்ப அனுப்ப ஒரு பச்சைக் கோடு நிரம்பிக்கொண்டே போயிருக்கிறது. நிரம்பியதும் கூப்பன் செயலியை இறக்கச் சொன்னது. அம்மா இறக்கி, கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டார். பதிவுக் கட்டணம் 1 ரூபாய் என்று கேட்டதும் டெபிட் கார்டு எண்ணையும் போட்டிருக்கிறார். ஐந்து மணிக்கு நான் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது 4,999 ரூபாய் குறைந்திருந்தது. ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை என்கிறார் அம்மா. குறுஞ்செய்தி வந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. இப்போது எதை முதலில் செய்வது?

சேகர், கோவை, கைபேசி பழுது பார்ப்பவர் (6.16)

அக்கா, முதலில் அந்தக் கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். பிறகு சிம்மைக் கழற்றி வீட்டில் ஏதாவது பட்டன் போன் இருந்தால் அதில் போடுங்கள். வங்கியிலிருந்து வரும் செய்திகள் இனி அதற்கு வரட்டும். அம்மா சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். அது கூப்பன் செயலி இல்லை. குறுஞ்செய்தியைப் படித்து வேறெங்கோ அனுப்பும் ஏபிகே கோப்பு, அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கும் செயலி. ஓடிபியை அதுவே எடுத்துக்கொள்ளும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கைபேசியிலிருந்து 1930-ஐ, இணையப் பண மோசடிக்கான அரசு உதவி எண்ணை, அழையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ராமநாதன், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் (6.21)

சேகர் தம்பி சொன்னதை உடனே செய்யுங்கள், அம்மா. 1930-இல் பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் கேட்பார்கள்; கையில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். பணம் அடுத்த கணக்கில் இருக்கும்போதே நிறுத்தி வைப்பதற்காக ஏற்பட்ட எண் அது. அங்கிருந்து வேறு கணக்குகளுக்குச் சிதறிவிட்டால் பிடிப்பது கடினம். புகார் எண் வந்ததும் 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்' தளத்தில் புகாரை முழுமையாக்குங்கள்.

இன்னொரு அழைப்பு வங்கிக்கு. கார்டை முடக்கச் சொல்லுங்கள், யுபிஐ, இணைய வங்கிச் சேவை இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் தெரிவித்த நேரத்துக்குப் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே விவரம் கொடுத்துப் பணம் போயிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. அதனால் அந்த நேரம் பதிவாகியிருப்பது முக்கியம்.

கடைசியாக ஒன்று. அம்மாவைத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்று பயந்து இரண்டு நாள் மறைத்து வைத்திருந்து, கணக்கு காலியான பிறகு வந்து நின்றவர்களை என் கிளையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மலர் (7.35)

1930 கிடைத்தது, புகார் எண் வந்துவிட்டது. வங்கியில் கார்டை முடக்கிவிட்டார்கள். ஐயா, நீங்கள் எழுதுவதற்குள் திட்டிவிட்டேன். அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். செயலியை எப்படி நீக்குவது? திரையில் அதன் படமே இல்லை.

சேகர் (7.44)

படத்தை மறைத்துக்கொள்ளும். அமைப்புகளில் செயலிகளின் முழுப் பட்டியலைத் திறந்து இன்றைய தேதியில் ஏறியது எது என்று பாருங்கள். நீக்க விடவில்லை என்றால் கைபேசி நிர்வாகி அனுமதியையும் அணுகல்தன்மை அனுமதியையும் முதலில் பறியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சேஃப் மோடில் (நாம் ஏற்றிய செயலிகள் இயங்காத நிலை) திறந்து நீக்கலாம். என் கடைக்கு வந்தால் நான் அதோடு விடமாட்டேன்: புகைப்படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கைபேசியை முழுவதும் அழித்துப் புதிதாக்கித்தான் கொடுப்பேன். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியையும் பாருங்கள், தெரியாத சாதனம் இருந்தால் வெளியேற்றுங்கள். பட்டன் போனிலிருந்து *#21# அழுத்தினால் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று தெரியும். திருப்பப்பட்டிருந்தால் ##002# அழுத்துங்கள்.

அன்பு, மதுரை, சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுபவர் (8.20)

அக்கா, கடைப் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். போன மாதம் ஒரு பாட்டி கூடை நிறைய எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு லிட்டர் எண்ணெய், துவரம்பருப்பு, பேரனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். கைபேசியில் கூப்பன் படத்தைக் காட்டினார். எங்கள் கடையின் பெயர், சின்னம், நிறம் எல்லாம் அப்படியே இருந்தன. செல்லாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு பிஸ்கட்டுக்கு மட்டும் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கையை இன்னும் மறக்க முடியவில்லை.

மளிகையில் லாபம் மிகக் குறைவு. அதனால் உண்மையான கூப்பன் எப்போதும் கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் இருக்கும். 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 50 குறையும், இன்ன தேதிக்குள், இன்ன கிளையில், அரிசிக்கும் எண்ணெய்க்கும் கிடையாது என்று நிபந்தனை நீளும். குறியீட்டைத் தட்டினால் பில் போடும் கணினிக்கே தெரியும், ஒருமுறைக்கு மேல் ஏற்காது. ஒரு நிபந்தனையும் இல்லாமல் 2,000 ரூபாயைத் தூக்கிக் கொடுத்தால் எந்தக் கடை தாங்கும்? சந்தேகம் வந்தால் பழைய பில்லின் தலைப்பில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். கூப்பனில் இருக்கும் எண்ணுக்கு அழைத்தால் அவர்களே எடுப்பார்கள்.

கயல், திண்டுக்கல் (8.41)

இணைப்பின் முகவரியைப் படிக்கும் முறையையும் அம்மாவுக்குக் காட்டுங்கள். 'டாட் காம்' எங்கோ நடுவில் இருந்தால் போதாது. தொடக்கத்தில் இருக்கும் 'https://'-ஐ விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறதோ, அதுதான் தளத்தின் சொந்தக்காரர். கடையின் பெயர் முன்னால் இருந்து, 'ஆஃபர் டாட் டாப்' என்று முடிந்தால் அது கடையின் தளமே இல்லை. கீழே "எனக்குக் கிடைத்தது, நன்றி" என்று எழுதியிருப்பார்களே, அவற்றைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் திறக்காது. வெறும் படம்.

செல்வி, நியூ ஜெர்சி (9.05)

இங்கே காகிதக் கூப்பனிலும் இது உண்டு. பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் கூப்பன் வெளியிடும். கடை அதை வாங்கிக்கொண்டு நிறுவனத்திடம் பணம் பெறும். போலி என்றால் பெரும்பாலும் நிறுவனம் தராது, இழப்பு கடைக்கு. கணினியில் போலிக் கூப்பன் வடித்து ஃபேஸ்புக், டெலிகிராம் குழுக்களில் விற்ற விர்ஜீனியா பீச் பெண்மணிக்கு 2021-இல் 12 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள், இழப்பு 3.1 கோடி டாலருக்கும் மேல். பொருளின் விலையை விடத் தள்ளுபடி அதிகமாக இருந்தாலோ, கூப்பனையே காசுக்கு விற்றாலோ நான் தொடமாட்டேன். கூப்பன் இன்ஃபர்மேஷன் கார்ப்பரேஷன் என்ற அமைப்பு போலிகளின் பட்டியலைத் தன் தளத்தில் வெளியிடுகிறது.

ராமநாதன் (9.18)

மலர், இன்றே இன்னொரு வேலை இருக்கிறது. அம்மா இருபது பேருக்கு அனுப்பியிருக்கிறாரே, அவர்கள் அதைத் திறப்பது உங்கள் அம்மாவின் பெயரைப் பார்த்துத்தான். செய்தியை அழித்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்ல வேண்டும்.

மலர் (மறுநாள் காலை 10.30)

எல்லோருக்கும் நன்றி. கைபேசியை முழுவதும் அழித்துவிட்டோம். 4,999 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. வேறு பணம் எதுவும் போகவில்லை.

நேற்று இரவு அம்மாவே பட்டன் போனை வைத்துக்கொண்டு பெரியம்மாவில் தொடங்கி இருபத்து மூன்று பேரை அழைத்தார். "நான் அனுப்பியது பொய்க் கூப்பன், ஏமாந்துவிட்டேன், நீங்கள் தொடாதீர்கள்" என்று ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். முதல் இரண்டு பேரிடம் குரல் நடுங்கியது. எதிர்வீட்டுச் சரசக்கா செயலியை இறக்கிவிட்டு, பேரன் வந்து திறந்து கொடுக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். நான் போய் நீக்கிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அம்மா இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தார்.