ஈரோஸ் சிலைக்கு மாடலாக நின்ற பையன்

லண்டன் பிக்காடிலி சர்க்கஸில் ஒற்றைக் காலில் வில்லோடு நிற்கிற சிறகுப் பையனைப் பார்த்திருப்பீர்கள். ஈரோஸ், காதல் தேவன் என்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் கடந்து போனேன். அது இங்கிலாந்தின் சமூகச் சீர்திருத்தவாதி ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் நினைவு நீரூற்று என்பது, மாலை நேரச் சிற்ப வகுப்பில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் எங்கள் ஆசிரியை அந்தச் சிலையின் படத்தைக் காட்டி, "இப்படி நின்று பாருங்கள்" என்றார். ஒரு கால் முன்பாதத்தில் மொத்த எடை, உடம்பு முன்னே சாய்வு, மறுகால் பின்னே அந்தரத்தில். கொஞ்ச நேரத்திலேயே கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. பிடிமானம் இல்லாமல் யாராலும் முடியவில்லை. அப்புறம்தான் அவர் ஆஞ்செலோ கொலரோஸியைப் பற்றிச் சொன்னார். இந்தச் சிலையைச் செய்த சிற்பி ஆல்ஃபிரட் கில்பர்ட்டின் பட்டறையில் உதவியாளாக இருந்த பையன், இதற்கு மாடலாக நின்றவன். வயது பதினாறு இருக்கும். அவன் அப்பாவும் லண்டன் ஓவியர்களுக்கு மாடலாக நின்று பிழைத்த இத்தாலியர்.

எனக்கு மனசில் தைத்தது இதுதான்: ஷாஃப்ட்ஸ்பரி வாழ்நாள் முழுக்கப் போராடியதே வேலைக்குப் போன பிள்ளைகளுக்காக. 1842 சட்டத்தால் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களையும் சுரங்கத்துக்குள் இறக்குவது நின்றது. 1847-இல், ஆலைகளில் பெண்களுக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் பத்து மணி நேர வேலை. புகைபோக்கிக்குள் சிறுவர்களை ஏற்றும் கொடுமைக்கு எதிரான 1875 சட்டமும் அவர் முயற்சிதான். அப்படிப்பட்டவரின் நினைவுச்சின்னத்தில் அவர் உருவம் உச்சியில் இல்லை. பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையனின் உடம்பு இருக்கிறது. கோட்டும் கால்சட்டையும் போட்ட இன்னொரு பிரபு சிலை செய்ய கில்பர்ட்டுக்கு இஷ்டமில்லை. பிரபுவுக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இருந்திருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

1893-இல் திறந்தபோது அதைத் திட்டியவர்கள் நிறைய. பக்திமானான பிரபுவுக்கு ஆடையில்லாத சிலையா என்று கேட்டார்கள். தண்ணீர் குடிக்கச் சங்கிலியில் கட்டிவைத்த குவளைகள்கூடத் திருட்டுப் போயின. கில்பர்ட் அந்த உருவத்தை அலுமினியத்தில் வார்த்தார், அந்தக் காலத்தில் அது புதுசு. வெண்கலத்தைவிட எடை குறைவு என்பதால்தான் ஒற்றைப் பாதம் மொத்தத்தையும் தாங்குகிறது. ஒப்பந்தம் 3,000 பவுண்டு, செலவு ஏறக்குறைய 7,000 என்கிறார்கள். கடன் ஏறிக்கொண்டே போய் 1901-இல் திவாலாகி பெல்ஜியத்துக்குப் போய்விட்டார் மனுஷர்.

வகுப்பு முடிந்து அங்கே போய் நின்றேன். முன்பு சிறகும் வில்லும்தான் கண்ணில் படும். அன்று கணுக்காலையும் பாதத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதேபோல் சிலைகளுக்கு மாடலாக நின்றவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

*

வாசகர் ஒருவர் எழுதியது: நான் லிவர்பூலில் இருக்கிறேன். இங்கே செஃப்டன் பூங்காவிலும் இதே நீரூற்றின் பிரதி ஒன்று 1932 முதல் இருக்கிறது. லண்டனில் நெரிசலில் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். இங்கே நிதானமாகச் சுற்றி வரலாம். பின்பக்கம் போய்ப் பாருங்கள், தூக்கிய காலும் முதுகும் ஒரே வளைவாக ஓடும். அதை அந்தப் பையன் எப்படித்தான் பிடித்து நின்றானோ. அடுத்த முறை என் பிள்ளைகளுக்கு ஆஞ்செலோவின் பெயரைச் சொல்லித்தான் காட்டப்போகிறேன்.