முதலாளிமார் மீட்டிங்கில் பேசுற புதுமை மில்லுக்குள் வர என்ன செய்யணும்?

அம்பை_பிளான்ட்:
அம்பாசமுத்திரம் பக்கம் புழுங்கல் அரிசி மில். பங்குதாரர் நாலு பேர், ஒரே குடும்பம். மாசாமாசம் மீட்டிங்கில் ‘புதுசா ஏதாவது செய்யணும்’னு பேச்சு. கன்சல்டன்டை வைத்து வகுப்பும் நடந்தது. சுவர் முழுக்க யோசனைச் சீட்டு ஒட்டியிருக்கு. நெல்லை ஒரே மூச்சில் காயவைக்காமல் இடையில் ஆறவிட்டால் குருணை குறையும் என்பது அதில் ஒன்று. நாலு பேரும் சரின்னுட்டாங்க, இரவு ஷிப்டில் மட்டும் நடக்க மாட்டேங்குது. நான் மேனேஜர், பங்குதாரர் இல்லை. எங்கே பிடிக்கணும்?

சேரை_டிரையர்:
அண்ணாச்சி, இரவு ஷிப்ட் ஆட்கள் மேல குத்தம் இல்லை. ஷிப்டுக்கு எத்தனை மூட்டைன்னு பார்த்துத்தானே ஊக்கத்தொகை கொடுக்கீங்க?

ஊறி அவிந்த நெல்லில் ஈரம் 30-லிருந்து 35 சதவீதம் வரை இருக்கும். ஒரே ஓட்டத்தில் 14-க்கு இறக்கினால் மேல்புறம் காய்ஞ்சிடும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த வித்தியாசத்தில் அரிசி விரிசல் விட்டு, பாலிஷரில் போகும்போது உடையும். 16-லிருந்து 18-க்குள் வந்ததும் சூட்டை நிறுத்தி, நாலு மணி நேரமாவது தொட்டியில் ஆறவிட்டு, பிறகு 14-க்குக் கொண்டுபோகணும். அந்த நாலு மணி நேரம் யார் கணக்கில் விழுது? டிரையர் ஓட்டுறவர் சம்பளத்தில். முதலாளி சொன்னதைச் செய்தால் கைக்காசு குறையும்னா யார் செய்வா?

அதனால முதல் மாற்றம் ஊக்கத்தொகை விதியில்தான். சில வாரம் சோதனையா ஓட்டிப் பாருங்க; அந்த வாரங்களுக்கு, போன மூணு மாச ஊக்கத்தொகைச் சராசரியை உறுதியாகக் கொடுப்போம்னு முதலாளிமார் எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுக்கு மனசு வரலைன்னா இந்த யோசனையை அவங்க உண்மையில் ஏத்துக்கலைன்னு அர்த்தம். அப்போ சீட்டைக் கிழிச்சுட்டு அடுத்ததைப் பாருங்க.

பேட்டை_கணக்கு:
மேலே சொன்னது சரி. ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு: அத்தனை சீட்டிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்கணும். ஒவ்வொரு சீட்டுக்கும் மூணு கேள்வி. இதுக்காக எதை நிறுத்தப்போறோம்? எந்தச் செலவுத் தலைப்பில் காசு? நாலு முதலாளியில் யார் பொறுப்பு? மூணுக்கும் பதில் இல்லாத சீட்டை எடுத்துடுங்க. ‘எல்லாரும் பார்த்துக்குவோம்’னு வந்தால் அது பதில் இல்லை.

குடும்ப நிறுவனத்தில் பெரிய சிக்கல், காலையில் ஒருத்தர் சொன்னதைச் சாயங்காலம் இன்னொருத்தர் மாத்துறது. லாரி வாசலில் நிற்குது, சரக்கு அவசரம்னு போன் வந்தால் ஆறவிடுறது அன்னைக்கே போச்சு. சோதனை முடியும்வரை, அது நடக்கிற டிரையரில் பொறுப்பு முதலாளி சொல்றதுதான், மற்ற மூணு பேரும் அவரிடம்தான் பேசணும்னு தீர்மானப் புத்தகத்தில் ஏத்துங்க.

காசுக் கணக்கையும் முன்னாலேயே போட்டுக் காட்டுங்க. உதாரணத்துக்கு, முழு அரிசிக்கும் குருணைக்கும் கிலோவுக்கு 20 ரூபாய் வித்தியாசம், ஒரு நாளைக்கு 20 டன் அரிசின்னு வைங்க. குருணை ஒரு சதவீதம் குறைந்தால் 200 கிலோ, அதாவது 4,000 ரூபாய். எதிர்ப்பக்கம் ஆறவிடும் தொட்டிச் செலவும் குறையுற மூட்டையும் எழுதுங்க. எத்தனை சதவீதம் குறைந்தால் தொடர்வோம், எதுக்குக் கீழே போனால் நிறுத்துவோம்னு இப்பவே தேதியோட முடிவாகணும். முடிவு தெரிஞ்ச பிறகு அளவுகோல் வைத்தால் அவரவர் விருப்பத்துக்கு வளைஞ்சிடும்.

சிறு தொழிலுக்கான உத்யம் அரசுப் பதிவு இருந்தால், ஆலையில் வீணாகிறதைக் குறைக்க ஒன்றிய அரசு கொண்டுவந்த எம்.எஸ்.எம்.இ. லீன் திட்டத்தையும் பாருங்க. 2023-ல் தொடங்கினப்போ ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதம் அரசு பங்கா இருந்தது. வகுப்பு எடுத்துட்டுப் போற ஆலோசகர் வேண்டாம், டிரையர் பக்கத்தில் நிற்கிறவராக் கேளுங்க.

சேரை_டிரையர்:
காலம் முக்கியம், அதைச் சொல்ல விட்டுப்போச்சு. ரெண்டாம் போகமான பிசான நெல் வந்து குவியும்போது எந்த மில்லும் பழக்கத்தை மாத்தாது. முதல் போகமான கார் நெல் முடிஞ்சு மார்கழியில் தொடங்கினால், மாசிக்குள் எட்டு வாரம் கிடைக்கும். ரெண்டு டிரையர் இருந்தால் ஒன்றில் மட்டும் புது முறை. ரெண்டிலும் ஒரே ரகம், அம்பை 16-ன்னா அதேதான், ஒரே லாட். காய்ந்த நெல்லைச் சூட்டோட அரைக்காதீங்க. ஒரு நாளாவது கிடக்கட்டும். இல்லாட்டி புது முறையிலும் உடையும், ‘இது சரிப்படாது’ன்னு பேர் கெட்டுடும். முக்கால் நீளத்துக்குக் குறைந்தது எல்லாம் குருணைன்னு ரெண்டு ஷிப்டும் ஒரே மாதிரி எண்ணணும்.

பொறுப்பு முதலாளி வாரத்துக்கு ஒருநாள், இருபது நிமிஷம், டிரையர் அடியிலேயே நின்னு, ஈரமும் ஆறவிட்ட நேரமும் எழுதுற நோட்டைப் பார்க்கட்டும். ஏ.சி. ரூமில் ஸ்லைடு வேண்டாம். டொயோட்டா கார் ஆலையில் கோளாறுன்னு தொழிலாளி கயிற்றை இழுத்தால் டீம் லீடர் அந்த இடத்துக்கே வருவார். கோளாறு நடந்த இடத்தில்தான் காரணம் தெரியும். எந்த ராத்திரி ஆறவிடலையோ, அன்னைக்கு என்ன இடைஞ்சல்னு மட்டும் கேட்கணும். திட்டினால் அடுத்த வாரம் நோட்டில் பொய் ஏறும்.

அம்பை_பிளான்ட்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஒரு சங்கடம். மூத்த முதலாளி நெல்லைப் பல்லில் கடிச்சே ஈரம் சொல்லுவார், மீட்டர் வாங்குறதே பிடிக்கலை. அவரை மீறி எதுவும் நடக்காது.

பேட்டை_கணக்கு:
அவரையே பொறுப்பு முதலாளி ஆக்குங்க. அவர் கடிச்சுச் சொல்ற எண்ணை முதலில் எழுதுங்க, அப்புறம் மீட்டர் எண், ரெண்டும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில். ‘உங்க கைப்பக்குவம் ராத்திரி ஷிப்டுக்கும் வேணும் மொதலாளி, அதுக்குத்தான் மீட்டர்’னு சொல்லிக் கொடுங்க. நோட்டில் முதல் வரி அவர் கையெழுத்தில் இருக்கட்டும். சோதனை ஜெயிச்சால் ஷிப்ட் கார்டில் ஆறவிடும் நேரத்துக்கு ஒரு கட்டம், ஊக்கத்தொகையில் குருணைக்கு ஒரு பங்கு, புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள். இந்த மூணையும் அதே மாசச் சம்பளத்துக்குள் மாத்திடுங்க, தள்ளிப்போட்டால் பிசானத்தில் பழையபடி ஆயிடும்.