மூன்று திரைகளில் பக்கக் காட்சி இழுபடுகிறது. பார்வைக் கோணம் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஹட்டன் சாரதி:
வணக்கம். அசெட்டோ கோர்சா என்ற கார்ப் பந்தயக் கணினி விளையாட்டுக்காக 24 அங்குல மொனிட்டர்கள் மூன்றை என்விடியா சரவுண்ட் மூலம் 5760×1080 என்ற ஒரே திரையாக அமைத்திருக்கிறேன். நடுத்திரையில் குறையில்லை; பக்கத் திரைகளில் வரும் கார்களோ பஸ் நீளத்துக்கு இழுபட்டுத் தெரிகின்றன, வளைவுகளில் தலையும் சுற்றுகிறது. பார்வைக் கோணத்தை, அதாவது விளையாட்டு உலகின் எவ்வளவு பரப்பு திரையில் தெரியவேண்டும் என்ற அளவை, 60 பாகையில் வைத்திருக்கிறேன். லயத்து அறை என்பதால் மேசையைச் சுவரோடு ஒட்டித்தான் போட முடியும். கண்ணுக்கும் திரைக்கும் இடையே 60 சென்டிமீட்டர் உண்டு. எதை மாற்ற வேண்டும்?

பண்டாரவளையான்:
தம்பி, அந்த விளையாட்டு கேட்பது செங்குத்துக் கோணத்தை. செங்குத்தாக 60 பாகை கொடுத்தால், ஒற்றைத் திரையில் ஏறக்குறைய 91 பாகையாக இருக்கும் கிடைமட்டக் கோணம், மூன்று திரை அகலத்துக்கு 144 பாகையாக விரிந்துவிடும். அவ்வளவையும் ஒரே தட்டையான படமாக வரையும்போது, கடைசி ஓரத்திலுள்ள பொருள் நடுவிலிருப்பதைப்போல் பத்து மடங்கு அகலத்துக்கு இழுபடுவதில் வியப்பில்லை.

முதலில் விளையாட்டின் அமைப்பில் மூன்று திரைக்கான தெரிவை இயக்குங்கள். அப்போது ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே காட்சி வரையப்படும். உங்கள் திரையின் அகலம் 53, உயரம் 30 சென்டிமீட்டர் அளவில் இருக்கும்; 60 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டால் செங்குத்துக் கோணம் 28 பாகை, ஒரு திரையின் கிடைமட்டக் கோணம் 48 பாகை. பக்கத் திரைகளையும் அதே 48 பாகைக்கு உள்ளே மடித்து, அந்த எண்ணையே அமைப்பிலும் கொடுங்கள். கணிதப் பெட்டியிலுள்ள பாகைமானியே போதும். மடித்த பிறகு மூன்றும் 125 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுவதால் சிறிய அறைக்கும் அது வசதிதான்.

ஹட்டன் சாரதி:
மிக்க நன்றி அண்ணா. 28 பாகை மிகவும் குறுகலாகத் தோன்றாதா?

தலவாக்கலை வாசி:
தொடக்கத்தில் வேகம் குறைந்ததைப்போல் தோன்றும், ஆனால் பிரேக் பிடிக்க வேண்டிய தூரம் சரியாகப் பிடிபடும். கூடுதல் கோணம் வேண்டுமென்றால் எண்ணைக் கூட்டாமல் திரையை அருகில் கொண்டுவாருங்கள்: 50 சென்டிமீட்டருக்கு வந்தால் செங்குத்தாக 33, கிடைமட்டமாக 56 பாகை கிடைக்கும், மடிப்பும் 56 ஆக வேண்டும். தனித்தனியாக வரையும் வசதியில்லாத துப்பாக்கி விளையாட்டுகளை, என்னைக் கேட்டால், நடுத்திரையில் மட்டும் விளையாடுவதே மேல். இன்னொன்று, மொனிட்டர் சட்டத்தின் விளிம்புத் தடிமனைச் சரவுண்டிலோ விளையாட்டிலோ ஓரிடத்தில் மட்டும் கொடுங்கள். இரண்டிலும் கொடுத்தால் திரைகள் சேரும் இடத்தில் காட்சி துண்டுபடும்.