இரவில் தேவனிடம் மன்னிப்புக் கேட்டேன், மகளிடம் கேட்கவில்லை

கேள்வி

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் 15 ஆண்டுகளுக்கும் மேலாக விசுவாசியாக இருக்கிறேன். சென்ற வாரம், நான் கையால் எழுதி முடித்திருந்த கணக்குத் தாள்களின்மேல் என் 9 வயது மகள் தண்ணீர்க் குவளையைத் தவறுதலாகத் தட்டிவிட்டாள். எந்தத் தகப்பனும் தன் பிள்ளையிடம் சொல்லக்கூடாத சொற்களை நான் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. தன் சட்டையின் ஓரத்தால் தாளைத் துடைக்கப் பார்த்தாள். மை இன்னும் பரவியது.

அன்றிரவு முழங்காலில் நின்று பாவத்தை அறிக்கையிட்டேன். நம்முடைய பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிப்பதற்கு அவர் உண்மையுள்ளவர் என்ற 1 யோவான் 1:9ஐப் பற்றிக்கொண்டு சமாதானத்தோடு உறங்கினேன். காலையில் என் மேசையைக் கடந்து சென்ற அவள், இரண்டு கைகளையும் உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்து போனாள். அதைக் கண்டதிலிருந்து என் மனம் அமைதியாக இல்லை. நான் பெற்ற சமாதானம் உண்மையானதா, அல்லது சுவிசேஷத்தை என் வசதிக்காகப் பயன்படுத்திக்கொள்கிறேனா?

மறுமொழி: ஒரு போதகர்

சகோதரரே, நீங்கள் பெற்ற மன்னிப்பைச் சந்தேகிக்க வேண்டாம். கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்பதையே பவுல் 1 கொரிந்தியர் 15இல் சுவிசேஷம் என்று எழுதுகிறார். உங்கள் மன்னிப்பு அதன்மேல் நிற்கிறதே தவிர, நீங்கள் எவ்வளவு நன்றாக வருந்தினீர்கள் என்பதன்மேல் நிற்கவில்லை.

ஆயினும், அந்தச் சுவிசேஷத்தைப் படுக்கையறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தியோகியாவில் பேதுருவுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவர் தமது உபதேசத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யூதரில் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார், அவ்வளவுதான். அதைப் பவுல் மரியாதைக் குறைவு என்றோ கோழைத்தனம் என்றோ சொல்லாமல், சுவிசேஷத்தின் சத்தியத்திற்கு ஏற்றபடி நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாகச் சொன்னார் (கலாத்தியர் 2:14). யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதுவரை சுவிசேஷம் வருகிறதென்றால், தண்ணீர் சிந்திய மேசைக்கும் அது வரத்தான் செய்யும்.

மக்களிடம் அநியாயமாய்ப் பணம் வாங்கிய வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டிலும் இதே ஒழுங்கைக் காண்கிறேன். இயேசு முதலில் அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாக அவன் சொல்கிறான். தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5:7இன் பிரமாணம். கிருபை பெற்றவன் அந்தக் கணக்கோடு நின்றுவிடவில்லை.

மறுமொழி: ஒரு வாசகர்

போதகர் ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பத்சேபாளைத் தனதாக்கிக்கொண்டு, அவள் கணவன் உரியாவை யுத்தத்தில் சாகவைத்து, இருவருக்கும் அவ்வளவு பெரிய தீங்கு செய்த தாவீது ராஜாவே, சங்கீதம் 51இல் தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்தேன் என்றுதான் ஜெபிக்கிறார். மனிதரிடமும் மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்று சொல்லத் தொடங்கினால், கிருபையோடு நம் கிரியையையும் சேர்த்துவிட மாட்டோமா? மேலும், தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் வீட்டில் அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருக்குமா?

மறுமொழி: அதே போதகர்

உங்கள் முதல் கேள்வி நியாயமானது. எல்லாப் பாவமும் முடிவாகத் தேவனுக்கு விரோதமானது என்பதைத்தான் தாவீது அங்கே அறிக்கையிடுகிறார். ஆனால் அந்தச் சங்கீதத்தின் தலைப்பையும் வாசியுங்கள்: நாத்தான் தீர்க்கதரிசி வந்து உணர்த்திய பிறகு அது பாடப்பட்டது. அதற்குள் உரியா யுத்தகளத்தில் இறந்துவிட்டான். தாவீது விரும்பியிருந்தாலும் அவனிடம் போயிருக்க முடியாது. இந்தச் சகோதரரின் மகளோ அடுத்த அறையில் இருக்கிறாள். போகக்கூடிய இடத்தில் ஆள் இருந்தபோது, இயேசு சொன்ன உவமையில் தகப்பனைவிட்டுப் போய்த் திரும்பி வந்த இளைய குமாரன் அவரிடம் என்ன சொன்னான்? பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன் என்றான் (லூக்கா 15:21). இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். இது மன்னிப்புக்குக் கொடுக்கும் விலையன்று. மன்னிப்புப் பெற்றவனுக்கு, தன்னை நியாயப்படுத்திக்கொள்ள வேண்டிய தேவை இனி இல்லை என்பதால் வரும் விடுதலை. 1517இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 குறிப்புகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான்.

இரண்டாம் கேள்விக்குப் பெற்றோரும் பிள்ளைகளுமாக இருப்பவர்கள் என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடும்.

மறுமொழி: ஒரு சகோதரி

அப்படியானால் நான் சொல்கிறேன். எனக்கு 12 வயதாக இருந்தபோது, நான் எடுக்காத பணத்தை எடுத்ததாக என் அப்பா என்னைக் கண்டித்தார். மறுநாள் அந்தப் பணம் அவருடைய புத்தகம் ஒன்றுக்குள்ளேயே கிடைத்தது. நான் தரையில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அவர் என் எதிரே தரையிலேயே உட்கார்ந்து, "நான் தப்புப் பண்ணிவிட்டேன், அம்மா, என்னை மன்னித்துவிடு" என்றார். கூடவே ஒரு காரணமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவருடைய சொல்லை நான் மீறியதுண்டு, ஆனால் சந்தேகித்ததில்லை. சபையில் பாவ அறிக்கை செய்யும்போதெல்லாம் எனக்கு அவர் தரையில் உட்கார்ந்ததுதான் நினைவுக்கு வருகிறது. சகோதரரே, பேசும்போது "இருந்தாலும் நீயும் கொஞ்சம் பார்த்து நடந்திருக்கலாம்" என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

மறுமொழி: கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை மகளிடம் பேசினேன். நான் சொன்ன சொற்களையே மறுபடி எடுத்துச் சொல்லி, அவை பொய் என்றும், அப்படிச் சொன்னது என் பாவம் என்றும் கூறினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமேல் உங்களுக்குக் கோபமே வராதா?" என்று கேட்டாள். வராது என்று வாக்குக் கொடுக்க என்னால் இயலவில்லை. வரும், வந்தாலும் இப்படியே உன்னிடம் வருவேன் என்றேன். இன்று காலையும் அவள் சுவரோரமாகத்தான் நடந்தாள். ஆனால் மேசையருகே ஒரு கணம் நின்றாள்.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மூத்த மகன், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அவனிடம் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அது எனக்கு நினைவிலேயே இல்லை. இன்று மாலை அவனிடம் பேசப் போகிறேன், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.