ஏயூ மைக்: டெஸ், எக்ஸ்எம்எம், ஹப்பிள் தரவுகளை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி?

விண்மீன்தேடி (கேள்வி):

வணக்கம். ஏயூ மைக் விண்மீனின் பி கோள் எந்த வேகத்தில் வளிமண்டலத்தை இழக்கிறது என்று கணக்கிட முயல்கிறேன். விண்மீன் சுமார் 32 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, வயது 2 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல். கோள் 8.46 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. காப்பகங்களிலிருந்து டெஸ் விண்தொலைநோக்கியின் செக்டர் (ஒரு வானப் பகுதியைத் தொடர்ந்து பார்க்கும் சுற்று) 1, 27 ஒளிவளைவுகள் (பிரகாசம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடம்), எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்தொலைநோக்கியின் எக்ஸ் கதிர் நிறமாலை, ஹப்பிளின் தொலைப் புறஊதா நிறமாலை மூன்றும் எடுத்துவிட்டேன். சிக்கல்கள் இவை:

1. டெஸ் பார்த்த அதே நாளில் எக்ஸ்எம்எம் பார்த்த தரவு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தேடும் முறை தவறா?
2. செக்டர் 27-இல் ஒரே ஃப்ளேர் (விண்மீனின் திடீர் வெடிப்பொளி) 20 விநாடித் தரவில் உயரமாகவும் 2 நிமிடத் தரவில் குட்டையாகவும் வருகிறது. சிறிய ஃப்ளேர் சில 2 நிமிடத் தரவில் காணவே இல்லை.
3. எக்ஸ் கதிரையும் புறஊதாவையும் அப்படியே ஒட்டி ஒரே நிறமாலையாக்கலாமா?

கோணமானி:

உங்கள் தேடலில் தவறில்லை. அப்படி ஒரு தரவு இருக்கவே முடியாது. எக்ஸ்எம்எம் சூரியனிலிருந்து 70 முதல் 110 பாகை விலகிய இடங்களை மட்டுமே பார்க்கும். டெஸ் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தை ஒட்டிப் பார்க்கிறது. ஏயூ மைக் கிராந்தி வட்டத்திலிருந்து (வானில் சூரியன் செல்லும் பாதை) வெறும் 13 பாகை தெற்கே இருப்பதால், டெஸ் அதைப் பார்க்கும் ஜூலை, ஆகஸ்டில் சூரிய விலகல் 150 பாகைக்கு மேல் போய்விடுகிறது. எக்ஸ்எம்எம்முக்கு அது தெரியும் காலம் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். 2018 அக்டோபரில் எக்ஸ்எம்எம், ஸ்விஃப்ட், தரைத் தொலைநோக்கிகள் எல்லாம் சேர்ந்து ஏழு நாள் இந்த விண்மீனைக் கவனித்தன. அதற்குள் டெஸ் வேறு செக்டருக்கு நகர்ந்துவிட்டது.

மற்ற விண்மீன்களுக்கும் இதையே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். டெஸ் பார்க்கும்போது சூரிய விலகல் ஏறத்தாழ 180-இலிருந்து கிராந்தி அட்சத்தைக் (கிராந்தி வட்டத்திலிருந்து விண்மீன் விலகியிருக்கும் பாகை) கழித்தது. எக்ஸ்எம்எம்மோடு சேர அந்த அட்சம் 70 பாகையாவது இருக்க வேண்டும். ஜேம்ஸ் வெப்பின் வரம்பு 85–135 என்பதால் அதற்கு 45 போதும். சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி சூரியனிலிருந்து சுமார் 46 பாகையும் ஸ்விஃப்ட் 47 பாகையும் தள்ளி இருந்தால் போதும் என்பதால் எதிர்ப்பக்கம் அவற்றுக்குத் திறந்தே இருக்கிறது. டெஸ்ஸோடு ஒரே நேரத்தில் எக்ஸ் கதிர் வேண்டுமென்றால் அவைதான் வழி. எக்ஸ்எம்எம்மும் ஜேம்ஸ் வெப்பும் ஒன்றாக வேண்டுமென்றால் 85–110 மட்டுமே பொது இடைவெளி. அதற்குள் கோளின் கடப்பும் (கோள் விண்மீனின் முகத்துக்கு முன்னே கடந்து செல்வது) விழ வேண்டும், ஆண்டுக்குக் கிடைப்பது விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

ஒளிவளைவு:

இரண்டாவது கேள்விக்கு: டெஸ் 2 நிமிடத் தரவைப் பூமிக்கு அனுப்பும் முன் விண்கலத்திலேயே அண்டக் கதிர் வடிகட்டல் நடக்கிறது. 2 விநாடிப் படங்கள் பத்தில் அதிகமானதையும் குறைந்ததையும் நீக்கிவிட்டு மற்றவற்றைக் கூட்டுகிறார்கள். கூர்மையான ஃப்ளேரின் உச்சி அதில் வெட்டுப்படும். 20 விநாடித் தரவில் இந்த வடிகட்டல் இல்லை, உச்சி மழுங்குவதும் குறைவு. ஃப்ளேர் ஆற்றலுக்கு 20 விநாடித் தரவையே எடுங்கள்.

காணாமல் போன ஃப்ளேர்களுக்குக் காரணம் பெரும்பாலும் தரக்கொடி (ஒவ்வொரு தரவுப் புள்ளியின் தரத்தையும் குறிக்கும் எண்). 512 என்ற கொடி 'திடீர் விலகல்' புள்ளிகளைக் குறிக்கிறது, ஃப்ளேர் உச்சியும் அதில் மாட்டிக்கொள்ளும். லைட்கர்வ் மென்பொருளில் இயல்பு வடிகட்டலை விட்டுவிட்டு, 512-ஐ மட்டும் தளர்த்தி, அந்தப் புள்ளிகளைக் கண்ணால் பாருங்கள். அடுத்தடுத்த பல புள்ளிகள் மெல்லத் தணிந்தால் ஃப்ளேர், ஒற்றைப் புள்ளி மட்டும் துள்ளினால் தள்ளிவிடலாம்.

இன்னொன்று, நேரம். இங்கே தவறினால் மற்ற எல்லாமே வீண். டெஸ் நேரத்தோடு 2457000 கூட்டினால் சூரியக் குடும்ப நிறைமையத்துக்குத் திருத்திய ஜூலியன் நாள் (டிடிபி என்ற நேர அளவில்) கிடைக்கும். எக்ஸ்எம்எம் 1998 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணுகிறது, நேர அளவு டிடி (புவி நேரம்), நிறைமையத் திருத்தம் இல்லை. 'பேரிசென்' கட்டளையை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். ஹப்பிள் யுடிசியில் (உலகப் பொது நேரம்) தருகிறது, டிடிக்கும் அதற்கும் இன்று 69.184 விநாடி வித்தியாசம். நிறைமையத் திருத்தத்தை மறந்தால் ஏயூ மைக்குக்குப் பிழை 8 நிமிடம் வரை போகும். ஒரு ஃப்ளேரே 10 நிமிடத்தில் முடிந்துவிடும் விண்மீன் இது.

கதிர்க்கணக்கு:

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அப்படியே ஒட்டாதீர்கள்.

வளிமண்டலத்தைச் சூடாக்கி விரட்டுவதில் பெரும்பங்கு மீபுறஊதாவுக்கு (எக்ஸ் கதிருக்கும் புறஊதாவுக்கும் இடைப்பட்ட ஒளி). அதை விண்மீன்களுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் விழுங்குகிறது. அந்த அலைநீளங்களுக்கென்றே இருந்த ஈயூவிஇ செயற்கைக்கோள் 2001-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே இருபக்கத் தரவிலிருந்தும் ஊகிக்கிறோம்: ஹப்பிள் காட்டும் கார்பன், சிலிக்கன், நைட்ரஜன் கோடுகள் பல்லாயிரம் முதல் 2 லட்சம் கெல்வின் வரையிலான வாயுவைச் சொல்லும், எக்ஸ்எம்எம் 20 லட்சம் கெல்வினும் அதற்கு மேலும். இடையில் உள்ள வெப்பநிலைகளை வளைகோடு போட்டு நிரப்புகிறோம். ஒரு முனை ஃப்ளேர் நேரத்திலும் மறுமுனை அமைதியிலும் எடுத்ததென்றால் நடுவில் வருவது எந்த நாளிலும் இல்லாத ஒரு விண்மீன்.

சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஹப்பிள் நிறமாலையில் 1354 ஆங்ஸ்ட்ராமில் இரும்பின் ஒரு கோடு (இருபது எலக்ட்ரான் இழந்த இரும்பு) வரும், சுமார் ஒரு கோடி கெல்வினில் உருவாவது. எக்ஸ்எம்எம் மாதிரியிலிருந்து அதன் பாய்வைக் கணித்து ஹப்பிள் அளந்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பிழைக்குள் ஒத்துப்போனால் விண்மீன் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்திருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் அந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது.

அதற்கு முன் செய்யவேண்டியது: ஹப்பிளின் காஸ் கருவி தந்த நேரக்குறிப்புத் தரவை (ஃபோட்டான்கள் வந்த நேரத்தோடு பதிந்தது) 'ஸ்பிளிட்டேக்' மூலம் 30–60 விநாடித் துண்டுகளாக்கி, 1548, 1550 ஆங்ஸ்ட்ராம் கார்பன் கோடுகளின் ஒளிவளைவு வரையுங்கள், ஃப்ளேர் துண்டுகளைத் தனியே வையுங்கள். எக்ஸ்எம்எம்மின் பிஎன் கேமராவின் பின்னணியை 10–12 கேஇவியில் விநாடிக்கு 0.4 எண்ணிக்கைக்கு மேல் போகும் நேரங்களில் வெட்டுங்கள். முழு ஆற்றல் பட்டையில் வெட்டினால் விண்மீனின் ஃப்ளேரையே பின்னணி என்று தூக்கி எறிந்துவிடுவீர்கள். பிரகாசம் அதிகம் என்பதால் 'எபாட்பிளாட்' ஓட்டி ஃபோட்டான்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள், குவிந்திருந்தால் மூலத்தின் நடுவை விட்டு வளையமாக எடுங்கள்.

கடைசியில் ஒரு எண்ணாகச் சொல்லாமல் அமைதி, ஃப்ளேர் என இரண்டாகச் சொல்லுங்கள். கோளின் நிறையே ஆய்வுக்கு ஆய்வு சுமார் 10 முதல் 20 புவி நிறை வரை மாறுகிறது. இழப்பு நிறைக்கு நேர்மாறு விகிதம் என்பதால், அங்கேயே இரு மடங்கு ஐயம் உட்கார்ந்திருக்கிறது.

விண்மீன்தேடி:

மிக்க நன்றி. இரும்புக் கோட்டுச் சோதனை எனக்குத் தெரியாது, இன்றே ஓட்டுகிறேன். கூடவே ஒரு ஐயம்: லைமன் ஆல்ஃபா (ஹைட்ரஜனின் ஒரு புறஊதாக் கோடு) கடப்பில் நேரடியாகவே இழப்பு தெரியும் என்கிறார்களே, அதை அளவுகோலாக வைக்கலாமா?

கதிர்க்கணக்கு:

வைக்கலாம், ஆனால் ஒரே கடப்பை நம்பி வேண்டாம். இதே கோளை ஹப்பிள் 2020-இலும் 2021-இலும் பார்த்தது. முதல் கடப்பில் கோளின் ஹைட்ரஜன் உறிஞ்சல் தெரியவில்லை. இரண்டாவதில், கோள் விண்மீனின் முகத்துக்கு முன் வருவதற்கு முன்பே, வேகமாக வெளியேறும் நடுநிலை ஹைட்ரஜன் தெரிந்தது. விண்மீன் காற்றோ கதிர்வீச்சோ மாறினால் ஹைட்ரஜன் அயனியாகிவிடும், அப்போது வாயு வெளியேறினாலும் லைமன் ஆல்ஃபாவில் காணாது. எனவே உறிஞ்சல் இல்லையென்றால் இழப்பு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கடப்பின்போது கார்பன் கோடுகள் எந்த அளவில் இருந்தன என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள்.