படகேறியவரையும் குற்றவாளியாக்கலாமா?

வடமராட்சியான்:
கள்ளமாக ஆட்களை ஏற்றுவோருக்கு எதிராக 2000ஆம் ஆண்டில் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நெறிமுறையின் 5ஆம் உறுப்புரை, ஏற்றிச் செல்லப்பட்டார் என்பதற்காக மட்டும் ஒருவர்மீது அதன்கீழ் வழக்குத் தொடரலாகாது என்கிறது. அப்படியிருக்க, இலங்கையிலிருந்து கள்ளமாக வெளிநாடு போகப் பணம் கட்டிப் படகேறியவரை, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரருடன் ஒரே கூண்டில் நிறுத்துவது முறையா?

நல்லூர் வாசகர்:
6ஆம் உறுப்புரையின் 4ஆம் பந்தியையும் வாசியுங்கள், ஐயா. உள்நாட்டுச் சட்டப்படி குற்றமான செயலுக்கு நடவடிக்கை எடுப்பதை நெறிமுறை தடுக்கவில்லை. எமது 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டமோ அங்கீகரிக்கப்படாத இடத்தால் நாட்டைவிட்டுப் போவதைக் குற்றமாக்கியுள்ளது. வழக்கே இல்லையென்றால், "பிடிபட்டாலும் பயமில்லை" என்று சொல்லியே ஆள் சேர்ப்பார்கள்.

வடமராட்சியான்:
வழக்கு இருக்கும்போதும் அதைத்தானே சொல்கிறார்கள்! 2014 ஜூலையில் அவுஸ்திரேலியா கடலில் வைத்து இலங்கையிடம் கையளித்த 41 பேர் காலி நகர நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அதற்குப் பின்னரும் படகுகள் போயின. தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்த காசை யார் வாங்கினார், எந்தக் கரையில் வைத்து ஏற்றினார் என்பதற்குப் பயணியே முதற்சாட்சி. தானே குற்றஞ்சாட்டப்பட்டு நிற்பவர் எப்படி வாய் திறப்பார்?

நல்லூர் வாசகர்:
சாட்சியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பயணக்காசு இல்லாததால் சுக்கான் பிடிக்க ஒப்புக்கொண்டவர் பயணியா, கூட்டாளியா?

தீவகத்தாள்:
கனடாவில் இதே கேள்விதான் எழுந்தது. 2010 ஆகஸ்டில் 492 தமிழருடன் போய்ச் சேர்ந்த சன் சீ கப்பலில் இயந்திர அறையைக் கவனித்தவர்களும் சமைத்தவர்களும் ஆட்கடத்தலில், அதாவது ஆட்களைக் கள்ளமாக ஏற்றுவதில், ஈடுபட்டவர்களாகக் கருதப்பட்டு, புகலிடக் கோரிக்கைக்கான தகுதியை இழந்தார்கள். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தப்பியோடுவோர் தங்களுக்குள் செய்துகொள்ளும் உதவி ஆட்கடத்தல் ஆகாது என்று கூறி, அவர்களின் விடயத்தை மீளாய்வுக்கு அனுப்பியது. அதே நாளில், தமிழரைக் கனடாவுக்குக் கொண்டுசென்ற மற்றொரு கப்பலான ஓஷன் லேடி பற்றிய வழக்கில், குடும்பத்தவருக்கு உதவியவரையும் தண்டிக்கும் அளவுக்குக் குற்றப்பிரிவு அகன்றிருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றும் தீர்த்தது.

நல்லூர் வாசகர்:
அவர்கள் புகலிடம் தேடியவர்கள். வேலை தேடிப் போகிறவருக்கு அது பொருந்தாது.

தீவகத்தாள்:
அந்த வேறுபாடு 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்துக்கு உரியது. அதன் 31ஆம் உறுப்புரை அகதிகளை மட்டுமே காக்கிறது, இலங்கை அதில் இணையவும் இல்லை. நெறிமுறையின் 5ஆம் உறுப்புரையோ ஏன் போனீர் என்று கேட்பதில்லை. பொருள் இலாபம் நோக்கமாக இருந்ததா என்பதே ஆட்கடத்தலுக்கான அளவுகோல்.

நல்லூர் வாசகர்:
அப்படியானால் சும்மா இருந்து வந்தவரை விட்டுவிடலாம். சுக்கான் பிடித்தவரிடம் மட்டும், கரையிலேயே பேசி முடித்த உடன்பாடா, ஓட்டி கைவிட்டதால் நடுக்கடலில் வந்த தேவையா என்று நீதிவான் விசாரிக்கட்டும். அதையும் கைவிட நான் ஒப்பமாட்டேன்.